எந்தப் பள்ளியில் சேர்வது? கையில் இரண்டு மூன்று வாய்ப்பு வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கும் காலம். கணிதம், இயற்பியல், ஆங்கிலம் எடுப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பள்ளிகளிலிருந்து போன் வருவது சாதாரணம். "நாளைக்குள்ள சொல்லுங்க மேடம், இல்லைன்னா அடுத்த கேண்டிடேட்டைக் கூப்பிடணும்" என்று அவசரப்படுத்துவதும் சாதாரணம். அந்த அவசரத்தில் பெரும்பாலோர் பார்ப்பது மாதச் சம்பளம் என்ற ஒரே ஓர் எண்ணைத்தான்.

சம்பளம் முக்கியம்தான். ஆசிரியர் வேலை சேவை, அதில் காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நேர்காணலில் வாயால் சொல்லப்படும் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிடவே முடியாது. அந்தப் பள்ளியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் அந்தச் சம்பளம் அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: இந்த வருடம் உங்களுக்கு எது தேவை என்று எழுதி வையுங்கள்

பள்ளிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்களைப் பற்றி ஐந்து நிமிடம். ஒரு தாளில் எழுதுங்கள், மனதுக்குள் வைத்துக்கொண்டால் போன் வந்ததும் மாறிவிடும்.

அரசுப் பள்ளி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டி.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கிறீர்களா? அப்படியானால் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு வேண்டும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி தனி. அதை நோக்கிப் போகிறவர், தனியார் பள்ளியில் மூவாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ராத்திரி எட்டு மணி வரை ஸ்டடி பார்க்கிற வேலையை எடுத்தால் கணக்கு உதைக்கும்.

முதல் வேலையா? அப்படியானால் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும் இடம் வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிறதா? தூரமும் விடுப்பும்தான் முதல் கேள்வி. பத்து வருட அனுபவத்தோடு மாறுகிறீர்களா? எந்த வகுப்பு கிடைக்கும், துறைத் தலைவர் பொறுப்பு வருமா என்று பாருங்கள். அடுத்த வீட்டு ஆசிரியருக்குச் சரியாக அமைந்த பள்ளி உங்களுக்கும் அமையும் என்று கிடையாது.

படி 2: எந்த வகைப் பள்ளி என்று புரிந்துகொள்ளுங்கள்

மெட்ரிக் பள்ளி என்றால் மாநிலப் பாடத்திட்டம். பத்து, பன்னிரண்டு ரிசல்ட்தான் நிர்வாகத்தின் மூச்சு. சென்டம் எத்தனை என்று பேனர் அடிக்கும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு எடுத்தால் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட் எல்லாம் சேர்ந்தே வரும். அதே நேரத்தில், ஒரு பாடத்தை அடி முதல் நுனி வரை திரும்பத் திரும்ப நடத்துவதால் உங்கள் பாட அறிவு இறுகும். டி.ஆர்.பி. எழுதுபவர்களுக்கு இது உண்மையான லாபம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் சம்பளம் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். ஆனால் கல்வியாண்டு பல பள்ளிகளில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று வாரியம் சொல்கிறது, அதில் பெரும்பகுதி விடுமுறை நாளிலோ மாலையிலோ வந்து விழும். லெசன் பிளான், ஆக்டிவிட்டி ரெக்கார்டு, அசெஸ்மெண்ட் பதிவு என்று எழுத்து வேலை அதிகம். கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள் சென்னை, கோவை போன்ற ஊர்களில்தான் அதிகம். வகுப்பு சிறியது, சம்பளம் நல்லது, எதிர்பார்ப்பும் அதற்கேற்ப.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமுள்ள ரெசிடென்ஷியல் பள்ளிகள் தனி உலகம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்பதால் கையில் மிச்சம் நிறைய நிற்கும். காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, ஹாஸ்டல் டியூட்டி என்று நாள் முழுவதும் பள்ளிக்குச் சொந்தம். குடும்பப் பொறுப்பு அதிகம் இல்லாத காலத்தில், கடனை அடைக்கவோ கொஞ்சம் பணம் சேர்க்கவோ, இரண்டு மூன்று வருடம் போய் வர ஏற்ற இடம். அதற்கு மேல் இருந்தால் உடம்பு கேட்கும்.

கேந்திரிய வித்யாலயா ஒப்பந்த ஆசிரியர் வேலையும், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கும் தற்காலிக வேலையும் அந்தக் கல்வியாண்டோடு முடிகிறவை. அனுபவத்துக்கு நல்லவை. நிரந்தரம் ஆகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இன்னொரு வேலையை விடாதீர்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் சேர்ந்தால் அரசுச் சம்பளம் வரும். ஆனால் நிர்வாகம் ஆர்டர் கொடுத்தால் மட்டும் போதாது, கல்வித் துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வரும் வரை சம்பளம் வராது. உபரி ஆசிரியர் பிரச்சினை, ரோஸ்டர் எனப்படும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பிரச்சினை, கோர்ட் கேஸ் என்று வருடக்கணக்கில் ஒப்புதலுக்காகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே மூன்று கேள்விகள்: இது அனுமதிக்கப்பட்ட பணியிடமா, அல்லது நிர்வாகம் தன் கைக்காசில் சம்பளம் தரும் மேனேஜ்மெண்ட் போஸ்டா? பணியிடத்தை நிரப்ப முன் அனுமதி வாங்கியாகிவிட்டதா? கடைசியாக நியமித்த ஆசிரியருக்கு ஒப்புதல் வர எத்தனை மாதம் ஆனது? அப்புறம், இந்த இடத்துக்கு லட்சக்கணக்கில் "டொனேஷன்" கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது, ஒப்புதல் வராவிட்டால் திருப்பித் தர யாரும் கிடையாது. நகையை விற்றுக் கொடுத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிற குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வகுப்பு ஒன்று முதல் எட்டு வரை எடுப்பவர்கள் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வை மறக்கக்கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010 முதல் அது தகுதி. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போனது. "டெட் எல்லாம் நம்ம ஸ்கூல்ல கேக்க மாட்டோம்" என்று ஒரு பள்ளி சொன்னால் அது சலுகை ஆகாது. நாளை சிக்கல் வந்தால் வேலை போகப்போவது உங்களுக்கு.

படி 3: பள்ளிக்குப் போகும் முன்பே விசாரியுங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அதன் இணையதளத்தில் கட்டாயப் பொதுத் தகவல் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும், அது வாரியத்தின் விதி. மொத்த ஆசிரியர்கள் எத்தனை, ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை ஆசிரியர், தேர்வு முடிவுகள், கட்டடப் பாதுகாப்புச் சான்று எல்லாம் அதில் வரும். ஒரு செக்‌ஷனுக்கு ஒன்றரை ஆசிரியர் என்பது வாரியத்தின் கணக்கு. அதைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் டைம்டேபிள் நிரம்பி வழியும் என்று அர்த்தம். பக்கமே இல்லை, இருந்தும் எல்லாக் கட்டமும் காலி என்றால் அதுவும் ஒரு பதில்தான். மற்ற பள்ளிகளுக்கு பள்ளி விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் தளத்தில் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை கிடைக்கும்.

அடுத்து, பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு வசதி உண்டு. பள்ளியின் பெயரையோ அதை நடத்தும் டிரஸ்டின் பெயரையோ போட்டுப் பாருங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று தெரியும். நூறு ஆசிரியர்கள் வேலை செய்யும் பள்ளியில் இருபத்தைந்து பேருக்கு மட்டும் பி.எஃப். கட்டியிருந்தால், மற்ற எழுபத்தைந்து பேரைப் பற்றி நேர்காணலில் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக மனிதர்கள். பள்ளி விடும் நேரத்தில் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நில்லுங்கள். மாணவர்கள் நாலேகாலுக்குப் போய்விட்டார்கள், ஆசிரியர்கள் ஐந்தரைக்குத்தான் வெளியே வருகிறார்கள் என்றால் அது தினமும் நடக்கிறதா என்று ஒருவரிடம் கேளுங்கள். ஆசிரியர்கள் இன்னொரு ஆசிரியரிடம் மறைக்க மாட்டார்கள். "மே மாசச் சம்பளம் போடுறாங்களா மிஸ்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். முடிந்தால் அங்கிருந்து விலகிய ஒருவரிடமும் பேசுங்கள். அவர் கோபத்தில் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் விலகும்போது சான்றிதழ்களும் கடைசி மாதச் சம்பளமும் கைக்கு வந்தனவா என்று மட்டும் குறிப்பாகக் கேளுங்கள்.

படி 4: டெமோ கிளாஸ் அன்று கண்ணைத் திறந்து வையுங்கள்

டெமோ என்னும் மாதிரி வகுப்பில் பள்ளி நிர்வாகம் உங்களைப் பார்ப்பது போல நீங்களும் பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். காத்திருக்கச் சொல்லும் நேரம் வீணில்லை. ஸ்டாஃப் ரூம் எங்கே, ஆளுக்கு ஒரு மேசை இருக்கிறதா, பெண் ஆசிரியர்களுக்கான கழிப்பறை எப்படி இருக்கிறது, வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆசிரியர் உட்காரவே கூடாது என்று நாற்காலியை எடுத்துவிட்ட பள்ளிகள் இருக்கின்றன. நாளுக்கு ஏழு பீரியட் நின்றுகொண்டே எடுத்தால் சில வருடங்களில் கால் நரம்பு பேசும். சப்ஸ்டிடியூஷன் போர்டு கண்ணில் பட்டால் படித்துப் பாருங்கள். ஒரே நாளில் பத்துப் பேருக்கு மாற்று வகுப்பு எழுதியிருந்தால் ஆள் பற்றாக்குறை.

உண்மையான குழந்தைகள் முன்னால் டெமோ எடுக்க வைத்தார்களா, அல்லது நாலு ஆசிரியர்களையே மாணவர்களாக உட்கார வைத்தார்களா என்பதும் கவனிக்க வேண்டியது. முடிந்ததும் உங்கள் வகுப்பைப் பற்றி யாராவது குறிப்பாக ஒரு வார்த்தை சொன்னார்களா? "போர்டு ஒர்க் நல்லா இருந்தது, ஆனா கடைசி பெஞ்ச்சை ஒரு தடவைகூடக் கேள்வி கேட்கலையே" என்று சொல்லும் பிரின்சிபால் கிடைத்தால், என் கணக்கில் அதற்கே மாதம் இரண்டாயிரம் ரூபாய் மதிப்பு.

கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். தயக்கமே வேண்டாம், பணிவாகக் கேட்டால் நல்ல நிர்வாகம் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

"சார், வாரத்துக்கு எத்தனை பீரியட் வரும்? சப்ஸ்டிடியூஷன் சேர்த்து எவ்வளவு?"

"எந்தெந்த வகுப்பு கொடுப்பீங்க? ஒரு செக்‌ஷன்ல எத்தனை பசங்க?"

"இந்த இடத்துல இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?"

"என் டிபார்ட்மெண்ட்ல மூணு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க எத்தனை பேர்?"

"பஸ் டியூட்டி, சனிக்கிழமை, மே மாசம், இதெல்லாம் எப்படி?"

கடைசிக் கேள்வியில் அட்மிஷன் கேன்வாசிங் ஒளிந்திருக்கும். மே மாத வெயிலில் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு, ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று இலக்கு வைப்பவையும் உண்டு. பாடம் நடத்தப் படித்தவரை அதற்கு அனுப்புவது எனக்குச் சம்மதமே இல்லை. உங்களுக்கும் இல்லை என்றால் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பீரியட் எண்ணிக்கையோடு கரெக்‌ஷனையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். செக்‌ஷனுக்கு 45 பேர் வீதம் நாலு செக்‌ஷன் கணிதம் என்றால் 180 நோட்டு. ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். டெஸ்ட் பேப்பர் என்றால் பேப்பருக்கு ஐந்து நிமிடம், மொத்தம் பதினைந்து மணி நேரம். வாரம் 36 பீரியட் உள்ளவருக்குப் பள்ளி நேரத்தில் இதற்கு இடமே இல்லை, கட்டு அப்படியே வீட்டுக்கு வரும். 28 பீரியட் உள்ளவர் பெரும்பகுதியைப் பள்ளியிலேயே முடித்துவிடுவார். சம்பளத்துக்கு அடுத்து இரண்டு பள்ளிகளையும் பிரித்துக் காட்டும் எண் இதுதான்.

படி 5: தாளை எடுங்கள், ஒரு வருடக் கணக்குப் போடுங்கள்

மாதச் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள், ஒரு வருடத்தில் உண்மையில் கைக்கு வருவதை ஒப்பிடுங்கள். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பள்ளி வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கும் மெட்ரிக் பள்ளி. 19,000 ரூபாய், பன்னிரண்டு மாதமும் சம்பளம், நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு இதற்கு மேல் தனியாக. இரண்டாவது, ஊருக்கு வெளியே இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளி. 25,000 என்கிறார்கள். ஆனால் அது நிர்வாகத்தின் பி.எஃப். பங்கையும் உள்ளடக்கிய மொத்தத் தொகை, மே மாதம் சம்பளம் கிடையாது.

பி.எஃப். என்பது அடிப்படைச் சம்பளத்தில் ஆசிரியர் 12 சதவீதம், நிர்வாகம் 12 சதவீதம். பெரும்பாலான பள்ளிகள் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குத்தான் கட்டும், அதாவது ஆளுக்கு 1,800. முதல் பள்ளியில் 19,000-இல் 1,800 போக கைக்கு 17,200. பன்னிரண்டு மாதத்துக்கு 2,06,400. இரண்டாவதில் 25,000-இல் இரு பங்கும் சேர்த்து 3,600 போக 21,400. பதினோரு மாதத்துக்கு 2,35,400. மாதம் ஆறாயிரம் வித்தியாசம் என்று தோன்றியது இப்போது வருடத்துக்கு 29,000.

முதல் பள்ளியில் ஆசிரியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வருடக் கட்டணம் 30,000 என்றால் 15,000 மிச்சம். வித்தியாசம் 14,000 ஆகிவிட்டது.

இனி நேரம். முதல் பள்ளிக்கு 8.45-க்குக் கிளம்பினால் 4.45-க்கு வீடு, எட்டு மணி நேரம். இரண்டாவதில் பள்ளி வேன் பிடிக்க 6.45-க்குக் கிளம்ப வேண்டும், திரும்ப 5.30, பத்தே முக்கால் மணி நேரம். நாளுக்கு 2.75 மணி நேரம் கூடுதல், 220 வேலை நாளுக்கு 605 மணி நேரம். அந்த 605 மணி நேரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 14,000 ரூபாய், மணிக்கு சுமார் 23 ரூபாய்.

இதனால் இரண்டாவது பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பதினொன்று, பன்னிரண்டு வகுப்பு கிடைத்து, முதல் பள்ளியில் ஆறு ஏழு மட்டும்தான் என்றால், மூன்று வருடம் கழித்து உங்கள் அடுத்த சம்பளத்தை அந்த அனுபவம்தான் தீர்மானிக்கும். ஆனால் "ஆறாயிரம் கூட வருதே" என்பதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால், அந்த ஆறாயிரம் அங்கே இல்லை.

பி.எஃப். விஷயத்தில் ஒரு நுணுக்கம். இதுவரை பி.எஃப். கணக்கே இல்லாத ஒருவர் 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால் அவரைச் சேர்க்காமல் விட சட்டம் இடம் தருகிறது. ஆகவே "எங்க ஸ்கூல்ல பி.எஃப். உண்டு" என்ற பதிலோடு நிறுத்தாமல், எனக்கு உண்டா, எந்தத் தொகைக்கு, எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்னும் மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். ஆசிரியர் பங்கு 0.75 சதவீதம்தான், வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று வரும்போது அதன் அருமை தெரியும்.

பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டி தனியார் பள்ளி ஆசிரியருக்கும் சட்டப்படி உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்றார்கள். பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு ஐந்து வருடம் என்றால் 57,692. ஐந்து வருடம் ஆவதற்குள் ராஜினாமா எழுதி வாங்கி, அதே டிரஸ்டின் இன்னொரு பள்ளிப் பெயரில் புது ஆர்டர் கொடுக்கும் வழக்கம் உண்டா என்று பழைய ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம் பெண் ஆசிரியர்கள் மகப்பேறு விடுப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படக்கூடாது. மகப்பேறு சட்டத்தில் 2017-இலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. பள்ளி எத்தனை வாரம் தருகிறது, திரும்பி வரும்போது அதே வகுப்பும் அதே சம்பளமும் இருக்குமா என்பதை நேர்காணலில் கேட்கச் சங்கடமாக இருந்தால் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் ஆசிரியரிடம் கேளுங்கள்.

படி 6: எண்ணில் அடங்காதவை

முதல் மூன்று வருடம் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்கள் என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் பின்னால் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுத் திருத்தும் ஒரு மூத்த ஆசிரியர் கிடைத்தால் உங்கள் வாழ்நாள் வகுப்புகள் எல்லாம் மாறும். பெற்றோர் புகார் வந்தால் ஆசிரியர் தரப்பைக் கேட்காமலேயே எல்லோர் முன்னாலும் திட்டும் கரஸ்பாண்டண்ட் கிடைத்தால் இரண்டே வருடத்தில் பாடம் நடத்தும் ஆசையே போய்விடும். இதை நேர்காணலில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பிரின்சிபால் அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆசிரியரோ ஆயாம்மாவோ உள்ளே வந்தால், அவர்களிடம் அவர் பேசும் தொனியைக் கவனியுங்கள்.

அப்புறம் பிள்ளைகள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளோடு வேலை செய்வதில் மனம் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்விமேல் கேள்வி கேட்கும் நகரத்துப் பிள்ளைகளிடம்தான் உற்சாகம் வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரிதான். உங்களுக்கு எது என்பது பி.எட். கற்பித்தல் பயிற்சியிலேயே ஓரளவு தெரிந்திருக்கும்.

படி 7: ஆர்டர் கைக்கு வராமல் பழைய வேலையை விடாதீர்கள்

பேசியதெல்லாம் பணி நியமன ஆணையில் இருக்க வேண்டும்: பதவி, எடுக்கப்போகும் வகுப்புகள், சம்பளத்தின் பிரிவுகள், எத்தனை மாதச் சம்பளம், தகுதிகாண் காலம், விலக எத்தனை மாத முன்னறிவிப்பு. "முதுகலை ஆசிரியர்" என்று பேசிவிட்டு ஆர்டரில் வெறுமனே "ஆசிரியர்" என்று போட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். ஆர்டரே கொடுப்பதில்லை என்று சொல்லும் பள்ளியில், நேர்காணலில் பேசிய விஷயங்களை எல்லாம் எழுதி நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ பிரின்சிபாலுக்கு அனுப்பி வையுங்கள். அதுவாவது கையில் இருக்கும்.

அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள் தொடர்பான வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வழக்கம் போகவில்லை. வேறு வழியே இல்லாமல் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எண்ணும் எழுதி, பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். இரண்டு வாய்ப்புகளும் ஏறத்தாழச் சமம் என்றால், அசலைக் கேட்காத பள்ளியை எடுங்கள். டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது அசல் பள்ளி லாக்கரில் மாட்டிக்கொண்டால் அரசு வேலையே கைநழுவிப் போகலாம்.

வெற்றுக் காசோலை, எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து, இந்த இரண்டையும் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் வழக்கம் இருந்தால், அது எப்போது திரும்ப வரும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கல்வியாண்டின் நடுவில் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கும். டி.ஆர்.பி. ரிசல்ட்டை எதிர்பார்ப்பவர், அரசு வேலை கிடைத்தால் ஒரு மாத முன்னறிவிப்போடு விடுவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் சேர்த்துத் தருகிற நிர்வாகங்கள் இருக்கின்றன.

படி 8: பேரம், பதில், விடைபெறல்

இரண்டு வாய்ப்பு இருக்கும்போது பேசுவது தப்பில்லை. "இன்னொரு ஸ்கூல்ல இருபத்திரண்டு சொல்லியிருக்காங்க சார். எனக்கு இங்க வரத்தான் விருப்பம். நீங்க எவ்வளவு பார்க்கலாம்?" என்று நேராகச் சொல்லுங்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஒரே ஊர்ப் பிரின்சிபால்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்வார்கள். சம்பளம் ஏறாது என்றால் வேறு கேளுங்கள்: இரண்டு பீரியட் குறைப்பு, பிள்ளைக்குக் கட்டணச் சலுகை, பஸ் டியூட்டியிலிருந்து விலக்கு. சம்பளத்தில் இறங்காத நிர்வாகம் இதில் இறங்கும்.

யோசிக்க இரண்டு நாள் கேளுங்கள். இரண்டு நாள்கூடத் தர முடியாது என்று சொல்லும் பள்ளியில் ஏன் இவ்வளவு அவசரம் என்று யோசியுங்கள். பெரும்பாலும் யாரோ பாதியில் விட்டுப் போயிருப்பார்கள்.

முடிவெடுத்ததும், வேண்டாம் என்று தீர்மானித்த பள்ளிக்கு அன்றே சொல்லிவிடுங்கள். போனை எடுக்காமல் விடுவது பலரும் செய்வது, அது தவறு. ஜூன் முதல் தேதி அங்கே ஒரு வகுப்பு ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். "மேடம், வேறு பள்ளியில் சேர முடிவு பண்ணிட்டேன். உங்கள் பள்ளியில் டெமோ எடுக்க வாய்ப்பு கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி" என்று இரண்டு வரி அனுப்பினால் போதும். அடுத்த வருடம் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

பழைய பள்ளியிலிருந்து ரிலீவிங் ஆர்டர், எடுத்த வகுப்புகளைக் குறிப்பிடும் அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.-ஐப் புதிய பள்ளியில் கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். சேர்ந்த இரண்டாவது மாதம் மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, முதல் மாதத் தொகை இரண்டு பங்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றைக்கே அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.